எட்டு ஜோடிப் பலகை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் அந்தக் கோடிவரை எட்டாது. கால் வலிக்கிறவர்கள் நாற்காலியில் உட்காருங்கள். மற்றவர்களுக்குப் பாய் இருக்கிறது. மலாய் நாட்டில் கெப்பாலா பத்தாஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் குழாய் புதைத்த ஐந்து பேரின் கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கேட்டபின் மனம் கனத்தால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கனக்க வேண்டிய கதைதான்.

கிழக்கு வெளுத்து வரும்போதே காமினி பள்ளத்துக்குள் இறங்கிவிடுவாள்.

தீவுப் பக்கத்தில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி முனையில் ஐந்தரைக்கு லாரி ஏறினால், கடல் பாலம் தாண்டி அக்கரைப் பண்ணைக்கு வந்து சேர ஏழு மணி நெருங்கிவிடும்; அந்த ஊரில் அப்போதுதான் விடியும். வெயில் உச்சிக்கு வரும் முன்பே ஆழமான இடத்தை முடித்துவிட வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் தோண்டிய பள்ளம் அது. அடியில் சாம்பல் நிறக் களிமண். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம் என்பதை அதன் நாற்றமே சொல்லும். அழுகிய சிப்பியும் பழைய இரும்பும் கலந்த நாற்றம். சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. சோற்றுக்கு உட்கார்ந்தால் நகக்கண்ணிலிருந்து எழும்பும்.

மேலே கண்ணுக்கு எட்டிய மட்டும் வெண்டையும் மிளகாயும் கத்தரியும் நட்ட நிலம். பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய மழை ஒன்று பெய்தால், மேலே தண்ணீர் வடிந்த பிறகும் வேருக்கு அடியில் அது நின்றுகொண்டே இருக்கும். வேர் மூச்சுவிட முடியாமல் கறுத்துப் போகும். செடி நின்ற நிலையில் சாகும். அதற்காகத்தான் இந்த வேலை. வரிசைக்கு வரிசை பள்ளம் வெட்டி, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயைத் தேங்காய் நார் சுற்றி அடியில் படுக்கவைத்து, மேலே சல்லி கொட்டி மூடுவார்கள். மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள் இறங்கும். சின்னக் குழாய்கள் எல்லாம் தாழ்வான கோடியில் ஒரு பெரிய குழாயில் போய்ச் சேரும். பெரிய குழாய் வாய்க்காலில் கொண்டுபோய்க் கொட்டும். சின்னக் குழாய்க்கு இடுப்பளவுப் பள்ளம் போதும். பெரிய குழாயின் பள்ளம்தான் ஆளை விழுங்கும் ஆழம்.

பள்ளத்தை மண்வாரி இயந்திரத்தால் தோண்டுகிறவன் ஸுல்கிஃப்லி. கெப்பாலா பத்தாஸ்காரன், தமிழரோடு வேலை செய்து செய்து தமிழைப் பாதி விழுங்கி வைத்திருந்தான். சுவர் சரியாமல் இருக்க இரு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவில் கட்டை கொடுத்து முட்டுவது வேலுவும் இத்ரீஸும். ஹபீபா பீவி மேலே உட்கார்ந்து குழாய்க்கு நார் சுற்றுவாள். வாயும் கையும் ஒன்றாய் ஓடும். அடியில் நின்று குழாயைப் படுக்கவைப்பது காமினி. நூறடிக்கு மூன்று அங்குலம் சரிவு இருக்க வேண்டும். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். ஐம்பது வயதில் அவளுக்கு அந்தச் சரிவு கையிலேயே வந்துவிட்டது.

காமினி செருப்பில்லாமல்தான் இறங்குவாள். அதற்குக் காரணம் இருந்தது. சுவரின் அடியில் வெறும் பாதத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். மண் குளிர்ந்து கெட்டியாக எதிர்த்து நின்றால் சுவர் நிற்கும். உறையாத தயிர்போல உள்ளுக்குள் ஆடினால், பின்னால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆறு வருடம் சேற்றில் நின்ற பாதம் தானே கற்றுக்கொண்டது. அதனால் பலகையை எப்போது உருவலாம் என்று அவள்தான் சொல்வாள். அவள் "எடு" என்றால் வேலு எடுப்பான். சொல்லாதவரை தொடமாட்டான்.

முறைப்படி பார்த்தால் இந்தப் பாதக் கணக்கு தேவையே இல்லை. குழாய் படுக்க வேண்டும், சல்லி மூட வேண்டும், முழங்காலளவு மண் விழ வேண்டும். அதற்கப்புறம்தான் பலகைக்குக் கை போக வேண்டும். நாள் கூலி இருந்த காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். சென்ற வருடக் கடைசியில் முதலாளி பழனியப்பன் அதை மாற்றினார். இனி நாளுக்குக் கூலி கிடையாது, எத்தனை மீட்டர் மூடுகிறீர்களோ அத்தனைக்குத்தான் என்றார். பழைய கூலி கைக்கு வர ஒரு நாளைக்கு நாற்பது மீட்டர் ஓட வேண்டும். அவர் கொடுத்திருந்த பலகையோ எட்டு ஜோடி. பன்னிரண்டு மீட்டருக்குக்கூட இழுத்துப்பிடித்துத்தான் வரும். சல்லி லாரி எப்போதும் தாமதம். பலகையை விட்டுவிட்டுச் சல்லிக்குக் காத்திருந்தால் அன்றைக்கு அடுப்பில் பாதிதான் வேகும்.

இத்ரீஸ் அவரிடம் கேட்டான். முதலாளியைப் போஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வாய்க்கால் ஓரம் தன் காரை, அங்கே காடி என்பார்கள், நிறுத்திவிட்டு, கால்சட்டையில் சேறு படாமல் எட்டி நின்றுகொண்டிருந்தார் அவர்.

"இன்னும் கொஞ்சம் பலகை வாங்கிக் குடுங்க போஸ்."

"பலகையக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நின்னா மீட்டர் எப்படித் தம்பி ஓடும்? பைப்பு படுத்துச்சா, உருவி முன்னால வையி. களிமண்ணுலா இது. சிமெண்டு மாதிரி நிக்கும்."

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. குழாய் படுத்ததும், சல்லி விழும் முன்பே, பின்னால் இருக்கும் பலகையை உருவி முன்னால் கொண்டுபோனார்கள். காமினியின் பாதம்தான் அவர்களுக்குக் காவல். பத்தொன்பது நாள் அது பொய் சொல்லவில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் அவளுக்கே தன் பாதத்தின்மேல் ஒரு பெருமை வந்துவிட்டது, கண்ணுகளா. மறைக்காமல் சொல்கிறேன், வந்துவிட்டது.

இருபதாம் நாள், பழனியப்பனுக்கு இந்த வேலையைக் குத்தகைக்குக் கொடுத்திருந்த பண்ணைக் கம்பெனிக்காரர்கள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது.

அன்று லாரிக்கு முன்பே முதலாளியின் காடி வந்து நின்றது. பின்கதவைத் திறந்தால் அட்டைப்பெட்டி நிறைய ரப்பர் பூட்ஸ், மஞ்சள் தொப்பி, பளபளக்கும் மேல்சட்டை. விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் போகும்வரை யாரும் கழற்றக் கூடாது என்றார் பழனியப்பன். ஹபீபா பீவி முக்காட்டின் மேல் தொப்பியை வைத்துக்கொண்டு, தன் நிக்காஹ்வுக்குக்கூடத் தனக்கு இவ்வளவு அலங்காரம் நடக்கவில்லை என்றாள். வேலுவுக்குக் கிடைத்த பூட்ஸ் ஒரு அளவு சின்னது. வாத்து மாதிரி நடந்துகாட்டினான்.

"அக்கா, நான் போலீஸ்காரன் மாதிரி இல்ல?"

"தபால்காரன் மாதிரி இருக்கே," என்றாள் காமினி.

முப்பத்திரண்டு வயது அவனுக்கு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தச் சிரிப்போடு ஐவரும் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். முதலாளி தன் கைப்பேசியில் படம் எடுத்தார். ஒன்று சரியில்லை என்று மறுபடியும் எடுத்தார்.

பிறகு வேலை தொடங்கியது. அன்று அமாவாசை. அந்தப் பக்கத்தில் அமாவாசைக்குக் கடல் ஏறும். ஏறும்போது கடலோர மதகை மூடிவிடுவார்கள். வாய்க்கால் தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி மண்ணுக்குள் ஊறும். காமினிக்கு இது தெரியாததல்ல. பத்து மணிவாக்கில் மதகு மூடி வாய்க்கால் ஓட்டம் நின்றதைக்கூட அவள் பார்த்தாள். ஆனால் அவள் நம்பியது நாட்காட்டியை அல்ல, பாதத்தை. பாதமோ அன்று ரப்பருக்குள் இருந்தது.

குழாய் படுத்துவிட்டது. மேலே விருந்தாளிகள் குடை பிடித்து நின்றார்கள். முன்னால் எட்டு மீட்டர் பள்ளம் பலகையில்லாமல் வாய் பிளந்து கிடந்தது. பழனியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காமினி வழக்கம்போலச் சுவரடியில் காலை வைத்து அழுத்தினாள். ரப்பர் அழுந்தியது. ரப்பர் ஒன்றும் சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மேலே பார்த்தாள். போகும்வரை கழற்றக் கூடாது என்று சொன்னவர் அங்கேதான் நின்றார்.

"எடு," என்றாள்.

வேலு கட்டையைத் தட்டிப் பலகையை உருவினான். ஈரத் துணியைக் கல்லில் ஒருமுறை அடித்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். சுவர் உடைந்து உதிரவில்லை; ஒரே பாளமாக, ஒரு கதவு சாய்வதுபோலச் சாய்ந்தது. வேலு மார்புவரை மண்ணுக்குள் நின்றான். தொப்பி அப்படியே தலையில் இருந்தது. கத்தவில்லை. மூச்சு வந்தால்தானே கத்துவதற்கு.

காமினி அவனுக்கு மூன்றடி தள்ளி நின்றாள். அவள்மேல் ஒரு கட்டி மண்கூட விழவில்லை.

ஸுல்கிஃப்லி மண்வாரியின் கையை நீட்டி எதிர்ச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அந்தச் சுவரும் விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். இயந்திரத்தை அசைக்காமல் முக்கால் மணி நேரம் அப்படியே பிடித்திருந்தான். இத்ரீஸும் காமினியும் கையாலேயே தோண்டினார்கள். மண்வெட்டி போட்டால் காலை வெட்டிவிடும். தோண்டத் தோண்டக் களிமண் திரும்ப வந்து உட்கார்ந்தது. ஹபீபா பீவி மேலே குப்புறப் படுத்து, வேலுவின் வாயிலிருந்த மண்ணைத் தன் முக்காட்டு முனையால் துடைத்துக்கொண்டே அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளி விருந்தாளிகளைக் காடிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது அவரா, பண்ணைக் காவலாளியா என்பது இன்றுவரை தெளிவில்லை.

வேலுவின் இடுப்பெலும்பும் வலது தொடையும் நொறுங்கிவிட்டன. பாலம் தாண்டி ஜார்ஜ் டவுன் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்தும், மறுபடி நடப்பானா என்று கேட்டதற்கு மருத்துவர் பார்ப்போம் என்றுதான் சொன்னார். மூன்றாம் நாள் காமினி கட்டில் ஓரத்தில் நின்றபோது வேலு கண் திறந்தான். மருந்து மயக்கத்தில் நாக்குத் தடித்திருந்தது.

"அக்கா, பைப்பு மேல சல்லி போட்டாச்சா?"

போட்டாச்சு என்றாள். அது பொய். அந்தக் குழாய் சேற்றுக்குள் நசுங்கிக் கிடந்தது. அவன் சரி என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து காமினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கழற்றியிருந்தால் என்ன என்பதே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பூட்ஸைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வேலு அவளைத்தான் பார்த்தான், வாயைத்தான் பார்த்தான். வாய் சொன்னது. வீட்டுக்காரர் ஆறுதலாக எதையோ சொன்னார். அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பழனியப்பன் அவளை மட்டும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சூலியா தெருவில், நாணயம் மாற்றும் கடைக்கு மேல் மாடி. குறுகலான மரப்படி. கீழே உணவுக்கடையில் மீன் குழம்பு கொதிக்கும் மணம் படியேறி வந்தது. அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆறு வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"உக்காருங்க காமினி. தே குடிக்கிறீங்களா?"

தேநீர் வேண்டாம் என்றாள். அவர் ஒரு தாளை நகர்த்தினார். மலாயில் தட்டச்சுச் செய்திருந்தது. காமினி ஆறாம் வகுப்புவரை படித்தவள். விரலை வைத்து மெல்ல மெல்லப் படித்தாள். முட்டுப் பலகைகளை அகற்றக் கூடாது என்ற உத்தரவை மீறி, காமினி என்பவர் தம் விருப்பப்படி அகற்றச் சொன்னதால் விபத்து நேர்ந்தது என்று இருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"அப்படி ஒரு உத்தரவு எப்போ போட்டீங்க போஸ்?"

"'எடு'ன்னு சொன்னது யாரு? நானா?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

"உருவி முன்னால வைக்கச் சொன்னது நீங்க. வாய்க்கால் ஓரமா நின்னு சொன்னீங்க. இத்ரீஸ் கேட்டான்."

"எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தம் கைப்பேசியை எடுத்து அவள் முன் வைத்தார். மஞ்சள் தொப்பியும் பூட்ஸுமாக ஐந்து பேர் நின்றார்கள். வேலுவின் கன்னத்தில் குழி விழுந்திருந்தது. "எழுதியிருக்கறது இதுதான். என் ஆளுங்களுக்குப் பாதுகாப்புக்கு என்னென்ன வேணுமோ குடுத்திருக்கேன். தேதி, மணி, எல்லாம் இருக்கு பாருங்க."

"பலகை எட்டு ஜோடி போஸ்."

"படத்துல பலகைய எண்ண முடியாதும்மா."

பிறகு குரலை இறக்கினார். அவள் கையெழுத்துப் போட்டால் மற்ற மூவருக்கும் வேலை நிற்காது. பண்ணை கம்பெனி வேலையைத் தொடரச் சொல்லியிருக்கிறது. வேலு வீட்டுக்கும் தாமே பார்த்து ஏதாவது செய்வார். போடாவிட்டால் எல்லாம் நின்றுபோகும்.

"இன்னொன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. வேலு பேரு எந்தப் பதிவுப் பாரத்துலயும் இல்ல. உங்க பேரும் இல்ல. மீட்டர் கணக்குல வந்துட்டுப் போற ஆளுங்க நீங்க. அன்னிக்கு அவன் அங்க வேலைக்குத்தான் வந்தான்னு யாரு சொல்றது?"

கூலி மாறியபோது அவர்களுக்குத் தெரியாமல் வேறு என்ன மாறியது என்பது காமினிக்கு அப்போதுதான் விளங்கியது. விபத்துக்கென்று தொழிலாளிக்கு இருக்கிற காப்பீட்டில் அவர் யார் பெயரையும் கட்டியிருக்கவில்லை. காலொடிந்தவனுக்குக் கேட்பதற்கு ஓரிடம்கூட இல்லாமல் செய்திருந்தார். மறுநாள் சாயங்காலம் வரை தவணை கொடுத்தார். தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

படியிறங்கும்போதே போட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நீங்கள் அவளைத் திட்டாதீர்கள். செய்த தப்புக்கு ஒரு இடத்தில் தலை குனிந்தால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தாள். தன் பெயர் கெட்டு மூன்று அடுப்பு எரிந்தால் அதுவும் ஒரு பரிகாரம் என்று நினைத்தாள். ஆனால் போடும் முன் வேலுவின் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும். "எடு" என்று சொன்னது யார் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

வேலுவின் மனைவி மீனாட்சி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சீருடையோடு நேராக இங்கே வந்துவிடுகிறவள். இத்ரீஸும் ஹபீபா பீவியும் வந்திருந்தார்கள். ஸுல்கிஃப்லி மோட்டார் சைக்கிளில் படகுத்துறை வழியாக வந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

காமினி நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அமாவாசை, மூடிய மதகு, பூட்ஸ், கழற்ற நினைத்தது, கழற்றாதது, சொன்ன சொல், முதலாளி மாடியில் பேசியது. பிறகு தாளை நீட்டினாள். மீனாட்சி அதைப் படித்தாள். படித்து முடித்து மறுபடி முதல் வரிக்குப் போனாள். எதிரே தள்ளுவண்டியில் யாரையோ கொண்டுபோனார்கள். சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே போனது.

இத்ரீஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். உருவியது தானும்தான், அன்றைக்கு வேலு அந்தப் பக்கம், தான் இந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றான். ஹபீபா பீவி வழக்கமான பேச்சையெல்லாம் எங்கோ வைத்துவிட்டு வந்தவள்போல இருந்தாள். வேலை போனால் தன் வீட்டு வாடகைக்கு வழியில்லை, அதை மறைக்கவில்லை, ஆனால் காமினி தலையில் ஏறி நின்று தான் சோறு தின்ன முடியாது என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"நான் போட்டுடறேன்," என்றாள் காமினி. "தப்பு என்னுதுதானே. போஸ் உங்க வீட்டுக்கு ஏதோ செய்றேன்னு சொல்றாரு, மீனாட்சி."

அப்போதுதான் மீனாட்சி நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"எனக்கு உங்க மேல கோவம் இருக்குக்கா. இருக்கும். எத்தன நாளைக்கின்னு எனக்கே தெரியல. ஆனா அது எனக்கும் உங்களுக்கும் உள்ளது. அந்தக் கோவத்த எடுத்து அவரு தன்னோட பாக்கெட்டுல போட்டுக்க நான் விடமாட்டேன்."

அவள் தாளை விரலால் தட்டினாள்.

"எட்டு ஜோடி பலகன்னு இதுல எங்கயாவது இருக்கா? மீட்டர் கூலின்னு இருக்கா? என் வீட்டுக்காரர் பேரு பாரத்துல இல்லன்னு இருக்கா? உங்க பேரு மட்டும்தான் இருக்கு. இதுல நீங்க சைன் போட்டா, என் புருஷன் கால ஒடைச்சது ஒரு பொம்பளையோட வாயின்னு ஆயிரும்."

இத்ரீஸ் எழுந்து போய் மருத்துவமனைக் கடையில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வாங்கி வந்தான். அவனுக்கு மலாய் எழுத்து நன்றாக வரும். தொழிலாளர் அலுவலகத்துக்கு என்று தொடங்கினான். பலகை எத்தனை, பள்ளம் எவ்வளவு ஆழம், சல்லி எப்போது வரும், கூலி எப்படி மாறியது, முதலாளி எங்கே நின்று என்ன சொன்னார், யார் யார் கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினான். விபத்து இடத்துக்கு வந்தபோது பேனா தயங்கியது. பலகையை எடுக்கச் சொன்னது யார் என்பதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

"எழுது," என்றாள் காமினி. "நான் சொன்னேன்னு எழுது. அது இல்லன்னா மத்ததையும் நம்பமாட்டாங்க."

மீனாட்சி அவளைப் பார்த்தாள். தடுக்கவில்லை.

காமினி முதலில் கையெழுத்துப் போட்டாள். பிறகு இத்ரீஸ். ஹபீபா பீவி தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். ஸுல்கிஃப்லியைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவனுடைய வேலைதான் இருந்தவற்றில் உருப்படியான வேலை. மண்வாரி ஓட்டுகிறவனுக்கு மாதச் சம்பளம், பெயரும் பாரத்தில் இருக்கிறது. அவனே எழுந்து வந்து நோட்டைத் தன் பக்கம் திருப்பினான்.

"சாயா பூன் சைன், கக்," என்றான். நானும் போடுகிறேன் அக்கா என்று அதற்கு அர்த்தம். "முக்கால் மணி அந்த சுவரு நான் புடிச்சேன். நான் பாக்கலன்னு எப்படி சொல்றது?"

மறுநாள் நான்கு பேரும் மீனாட்சியும் சூலியா தெரு மாடிப்படியில் ஒன்றாக ஏறினார்கள். பழனியப்பன் நோட்டுத் தாளைப் பாதி படித்தார். சிரிக்கவுமில்லை, கத்தவுமில்லை.

"நாளைலேர்ந்து நீங்க யாரும் வரவேணாம்," என்றார். "ஆளா கிடைக்காது எனக்கு?"

தொழிலாளர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். சாளரத்துக்குப் பின்னால் இருந்த பெண் தாளை வாங்கி, முத்திரை குத்தி, நகலைத் திருப்பிக் கொடுத்தாள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்றாள். எப்போது என்று கேட்டதற்குக் கையை விரித்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

அடுத்த நாள் விடியலில் வேலை இல்லாத காமினிக்கு வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்தது. கீழே இறங்கி வந்தாள். அடுக்குமாடி முனையில் லாரி நிற்கும் இடத்தில் இத்ரீஸும் ஹபீபா பீவியும் முன்பே வந்து நின்றார்கள். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. தேநீர்க் கடை அடுப்பு அப்போதுதான் பற்றிக்கொண்டிருந்தது. அங்கே புது ஆட்கள் ஆறு பேர் பையும் சோற்று டப்பாவுமாகக் காத்திருந்தார்கள். எல்லாம் அடுத்த கட்டடத்துக்காரர்கள், முகம் தெரிந்தவர்கள். இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

காமினி அவர்களைப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு என்ன உரிமை? கிட்டே போய், அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சொன்னாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மதகு மூடுவார்கள் என்று சொன்னாள். வேலுவுக்கு என்ன ஆனது என்று சொன்னாள். பலகையை உருவச் சொன்னது தன் வாய்தான் என்பதையும் சொன்னாள்.

அவர்களில் குகன் என்று ஒருவன், மெலிந்த ஆள், தேநீர்க் குவளையைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தன ஜோடி பலக இருந்தா எறங்கலாம்?"

"சல்லி மூடுற வரைக்கும் எடுக்காம இருக்கணும்னா, முப்பது வேணும்."

"அவர் குடுப்பாரா?"

"எங்களுக்குக் குடுக்கல."

"போகலன்னா எங்க வீட்டுக்கு யாரு சோறு போடறது?"

பதில் இருப்பதுபோல நடிக்கக் காமினிக்குத் தெரியாது.

"தெரியல தம்பி," என்றாள். "எங்களுக்கும் அதே கேள்விதான்."

லாரி வந்தது. ஓட்டுநர் இறங்காமல் ஒலிப்பானை அழுத்தினார். தலையைத் திருப்பிக்கொண்டிருந்த இருவரும் ஏறினார்கள். குகன் ஓட்டுநரிடம் போய், லாரியில் பலகை இருக்கிறதா என்று கேட்டான். பண்ணையில் இருக்கிறது என்றார் அவர். எத்தனை என்றான். அவர் கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசினார். எட்டு என்ற சொல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

குகன் திரும்பி வந்து தன் சோற்று டப்பாவைத் தேநீர்க் கடைப் பலகையின் மேல் வைத்தான். மற்ற மூவரும் அவனைப் பார்த்தார்கள், லாரியைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஹபீபா பீவி நகர்ந்து இடம் கொடுத்தாள். லாரி இன்னும் இரண்டு தடவை ஒலியெழுப்பிவிட்டு இரண்டு பேரோடு போனது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் ஒரு குழாயும் இறக்க முடியாது. நாளைக்கு முதலாளி வேறு எங்கிருந்தாவது ஆள் கொண்டுவரலாம். அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது மீனாட்சி வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கினாள். மருத்துவமனைக்குப் போகிற வழி. அங்கே உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் பார்த்து நின்றாள். கடைக்காரரிடம் எட்டுத் தேநீர் சொன்னாள். காமினிக்கு அவளே கொண்டுவந்து கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

இவ்வளவுதான் கண்ணுகளா எனக்குத் தெரிந்தது. வேலு இன்னும் கட்டிலில்தான் இருக்கிறான். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. நேரமாகிவிட்டது, எழுந்து போங்கள். விடியலில் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும், போன காலோடு பொழுது சாய வீடு வந்து சேரட்டும். அவர்களுக்காக எடுத்துவைத்த சோறு ஒரு நாளும் ஆறிப்போகாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நிற்கிற மண் அவர்களைத் தாங்கட்டும்.